அத்தியாயம் 11: மாநாட்டுக்கு இருவராகப் போங்கள்

மரணத்தை நெருங்கியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு மாநாட்டுக்காவது போய்வர வேண்டும். தனியாகப் போகாதீர்கள். உங்கள் அணியிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் இரண்டு மாநாடுகளுக்கு நான் தனியாகத்தான் போனேன். நோட்டு நிறையக் குறிப்பு எடுத்துவந்தேன். திங்கட்கிழமை காலை வார்டுக்குள் கால் வைத்ததும் டிரெஸ்ஸிங், மருந்து இன்டென்ட், போன் என்று வேலை இழுத்துக்கொண்டது. நோட்டு அலமாரிக்குப் போனது போனதுதான். "இப்படிச் செய்தால் என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். அங்கே கேட்டதை நான் சொன்னேனே தவிர, "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சொல்ல ஆள் இல்லை. மூன்றாவது முறை எங்கள் ஹோம் கேர் அணியின் சமூகப் பணியாளர் கூட வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், எனக்கு அவர் தம்பி. திரும்பி வந்த வாரமே இரண்டு வழக்கங்களை மாற்றினோம். நான் மறந்ததை அவர் நினைவூட்டினார். பொறுப்பு மருத்துவரிடம் போய் நின்றபோது இரண்டு பேராக நின்றோம்.

யாரைக் கூட்டிப்போவது? ஒரே டியூட்டியில் இருக்கும் தோழியைத்தான் முதலில் கேட்கத் தோன்றும். வேறு வேலை பார்ப்பவரைக் கேளுங்கள் என்பேன். செவிலியருக்குச் சமூகப் பணியாளர், மருத்துவருக்குச் செவிலியர், பிசியோதெரபிஸ்டுக்கு மருந்தாளுநர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு படித்து மருத்துவர் ஆனவர். சாகப்போகிறவரின் வலி உடம்போடு நிற்பதில்லை. மனசு, குடும்பம், காசு, சாமி எல்லாம் அதில் கலந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடிந்ததற்கு மூன்று வேலைகளையும் பார்த்த கண் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நமக்கு அது வாய்க்காது. இரண்டு பேர் போனால் இரண்டு வேலையின் கண்ணாவது கிடைக்கும்.

நாங்கள் இருவராகப் போன மாநாட்டில், ஒரு அமர்வில் மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவில் மார்பின் கொடுப்பதைப் பற்றிப் பேசினார்கள். நான் மில்லிகிராம் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தம்பி என்ன எழுதுகிறார் என்று எட்டிப்பார்த்தேன். "கட்டில் ஜன்னல் பக்கம். டேபிள் ஃபேன் முகத்துக்கு நேராக. ராத்திரி யார் முழித்திருப்பது?" என்று எழுதியிருந்தார். அன்று மாலை இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் அது ஒரு முழுச் சிகிச்சையாக எனக்குத் தெரிந்தது.

எந்த மாநாடு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.ஏ.பி.சி. என்று நாம் சொல்லும் இந்தியப் பேலியேட்டிவ் கேர் சங்கம் 1994இல் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாடான ஐ.ஏ.பி.கான் பெரும்பாலும் பிப்ரவரியில், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஊரில் நடக்கும். நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். முதல்முறை போகிறவர்களுக்குக் கேரளத்தில் நடக்கும் சிறிய கூட்டங்களும் பயிற்சிகளும் நல்லது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம்தான், அக்கம்பக்கத்தாரே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முறையை வளர்த்தெடுத்தது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியாவும் பயிற்சி தருகிறது. நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. அதில் இருக்கும் செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் இது டவுன் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கான விஷயம் என்று ஒதுங்க வேண்டாம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். ஒருமுறை மாநாட்டு அரங்கில் உட்கார்ந்திருந்தபோது சைலன்ட்டில் இருந்த போன் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. வெளியே போய்ப் பார்த்தபோது ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாய்ப்புற்றுநோய் முற்றிய ஒரு பெரியவரை, வலி தாங்க முடியாமல், வண்டி பிடித்து ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டில் சாக ஆசைப்பட்டவர் ஸ்ட்ரெச்சரில் இறந்தார். அவர் மகள் பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன் சிஸ்டர் சொல்லாமப் போனீங்க?"

அதனால், இருவரும் ஒன்றாக ஊரைவிட்டுப் போகிறீர்கள் என்றால், ஒரு வாரத்துக்கு முன்பே உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். இந்த நான்கைந்து நாட்களில் யாருக்கு நிலைமை மோசமாகலாம், யார் போய்விடலாம் என்று மனம் திறந்து பேசி எழுதுங்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் நேரில் போங்கள். உங்களுக்குப் பதிலாகப் பார்க்கப்போகும் சிஸ்டரையும் கூட்டிப்போய் முகம் காட்டுங்கள். "வியாழக்கிழமையிலேருந்து நாலு நாள் நாங்க ரெண்டு பேரும் ஊர்ல இல்லம்மா. இவங்கதான் போன் எடுப்பாங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் கூப்பிடுங்க" என்று அவர் முன்னாலேயே சொல்லுங்கள். எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், தொலைந்துபோகும். காலண்டர் அட்டையின் மேல் பட்டையாக எழுதிவிட்டு வாருங்கள்.

மாத்திரையை எண்ணிப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்பின் என்றால் நாளைக்கு ஆறு. ராத்திரி எழுப்ப வேண்டாம் என்று படுக்கும்போது இரட்டிப்பாகக் கொடுத்தாலும் கணக்கு ஆறுதான். ஐந்து நாளைக்கு முப்பது. இடையில் வலி பொங்கினால் கொடுக்க மருத்துவர் எழுதிய கூடுதல் மாத்திரை தனி. கூடவே மலமிளக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மார்பின் இருந்து அது இல்லாத வீட்டில் நான்காம் நாள் வயிறு கட்டி, "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வலி திரும்ப வரும்.

பணம், டிக்கெட். பதிவுக் கட்டணம் முதலிலேயே கட்டுகிறவர்களுக்குக் குறைவு. செவிலியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்கும். உதவித்தொகை உண்டா என்று அமைப்பாளர்களுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். ஆன் டியூட்டி விண்ணப்பத்தை இருவரும் ஒரே நாளில், மாற்று ஏற்பாட்டுத் தாளையும் இணைத்துக் கொடுங்கள். அந்தத் தாள் இருந்தால் மறுக்கக் காரணம் இருக்காது.

போஸ்டர் ஒன்று கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள். ஆராய்ச்சி என்றதும் பயப்படுகிறோம். நம் கையில் இருப்பதே போதும். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் "பூஜ்யத்திலேருந்து பத்து வரைக்கும் வலி எவ்வளவு?" என்று கேட்டால் விழிப்பார்கள். "ஒரு ரூபா முழு வலின்னா, இப்ப எத்தனை பைசா இருக்கும்?" என்று கேட்டால் உடனே "முக்கா ரூபா இருக்கும்மா" என்று பதில் வரும். இதைத்தான் நாங்கள் போஸ்டராகப் போட்டோம். என்ன செய்தோம், யாரிடம் கேட்டோம், எங்கே இது சரிப்படவில்லை என்று மூன்று பத்தி. சரிப்படாத இடத்தையும் எழுதுங்கள், நின்று படிக்கிறவர்கள் அங்கேதான் பேச்சைத் தொடங்குவார்கள். நோயாளியின் முகமோ பெயரோ ஊரோ போஸ்டரில் வரக் கூடாது. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது மறைப்பே ஆகாது, அந்தத் தெருக்காரர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும்.

நிகழ்ச்சிநிரல் வந்ததும் அதில் முழுகிவிடாதீர்கள். அதற்கு முன்பு, சமீபத்தில் நீங்கள் பார்த்த ஐந்து நோயாளிகளை நினைத்து, அவர்களிடம் உங்களுக்குக் கைவராமல் போனதை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். "மார்பகப் புண் நாற்றம், பேரப்பிள்ளை பக்கத்தில் வரவில்லை." "அப்பாவுக்குச் சொல்லாதீங்க என்று மகன்." "கடைசி ராத்திரி தொண்டைச் சத்தம்." இந்த வரிகளை வைத்துக்கொண்டு நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள். எங்கே உட்கார வேண்டும் என்று தானாகத் தெரியும். ஒரே நேரத்தில் மூன்று அரங்குகளில் நடக்கிறது என்றால் இருவரும் பிரிந்து போங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது சுகம்தான், ஆனால் இரண்டு டிக்கெட் எடுத்து ஒரு படம் பார்த்த கதையாகிவிடும். தேநீர் இடைவேளையில் சந்தித்து, கேட்டதை ஒருவருக்கொருவர் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது புரியாத இடம் உடனே தடுக்கும். அடுத்த அமர்வில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆங்கிலத்தில் எழுந்து கேட்கத் தயக்கமாக இருந்தால் சீட்டில் எழுதித் துணையிடம் கொடுங்கள்.

பெரிய மேடை உரைகளைவிட, மாநாட்டுக்கு முந்தைய நாள் நடக்கும் பயிலரங்குகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கையால் செய்து பழகுகிற இடம் அது. மாத்திரை விழுங்க முடியாமல் போனவருக்குத் தோலுக்கு அடியில் பட்டர்ஃபிளை ஊசி வைத்து, வீட்டார் கையாலேயே மருந்து கொடுக்க வைப்பதை அப்படி ஒரு பயிலரங்கில்தான் கற்றேன். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் அடங்கும் என்பதையும் அங்கேதான் கற்றேன். விலை மலிவான அந்தப் பொடிதான் ஒரு பேரப்பிள்ளையைப் பாட்டியின் கட்டிலுக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

ஒரு பயிலரங்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தலைப்பு, கடைசி மணிநேரங்கள். தொண்டையில் கரகரவென்று வரும் சத்தத்தைப் பற்றி நடத்துநர் விளக்கினார். இருமவோ விழுங்கவோ முடியாததால் தேங்கும் சளியில் மூச்சு உரசும் சத்தம் அது. நினைவு தப்பிய நோயாளியை அது பெரும்பாலும் வருத்துவதில்லை, பார்க்கிறவர்களைத்தான் உலுக்குகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தேவைப்பட்டால் மருந்து கொடுங்கள், வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள் என்றார். அதுவரை எல்லோரும் தலையாட்டினோம். அடுத்து, "இந்த நேரத்தில் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது" என்றார். தம்பி என் கையைத் தொட்டார்.

"அக்கா, நம்ம ஊர்ல பால் ஊத்துறதை என்ன செய்யறது?"

"நீயே கேளு."

எழுந்து கேட்டார். சாகும் தறுவாயில் பிள்ளைகள், பேரன் பேத்திகள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். மூச்சுக்குழாயில் போய்விடும் என்று தெரிந்தும் எங்களால் தடுக்க முடியவில்லை. தடுத்த இடத்தில் மகன் காலம் முழுக்க மனசு ஆறாமல் இருக்கிறார் என்று சொன்னார். அரங்கு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பின்வரிசையில் வட இந்தியச் செவிலியர் ஒருவர், தங்கள் வீடுகளில் கங்கைத் தண்ணீரும் துளசியும் வைப்பார்கள், அதே சிக்கல்தான் என்றார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் வந்து சேர்ந்த வழி மிக எளிமையானது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுத்தமான மெல்லிய துணியைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒற்றி எடுப்பது. ஒவ்வொருவரும் ஒற்றலாம், யாரையும் தடுக்க வேண்டாம். உலர்ந்த வாய்க்கு எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது.

தம்பி கேட்டிராவிட்டால் நான் கேட்டிருக்க மாட்டேன். பால் ஊற்றுவதை நான் நோயாளிக்கு ஆபத்து என்று மட்டும் பார்த்துவந்தேன். ஊற்ற முடியாமல் போன மகனோடு பதினாறாம் நாள் உட்கார்ந்து பேசியவர் அவர்.

சட்டம் பற்றிய அமர்வைத் தவறவிடாதீர்கள். "ஐ.சி.யு.விலேருந்து கூட்டிட்டுப் போயிடலாமா, தப்பாகிடுமா?" என்று நம்மிடம்தான் முதலில் கேட்கிறார்கள். காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்று சொன்ன நடைமுறை மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை போனதால் யாராலும் செய்ய முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். வயது வந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதி வைக்கலாம். சிகிச்சையை நிறுத்துவதா என்ற கேள்வி வரும்போது மருத்துவமனையின் முதல் குழுவும், அதை உறுதிப்படுத்த இரண்டாவது குழுவும், ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று மருத்துவர்களோடு, கூடிய மட்டும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பலன் தராத கருவிச் சிகிச்சையை நிறுத்துவது வேறு, ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு. இரண்டாவது நம் நாட்டில் குற்றம். இந்த வித்தியாசத்தைத் தமிழில், ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வதுபோலச் சொல்ல இருவரும் பழகிக்கொண்டு வாருங்கள்.

மார்பின் உரிமம் பற்றிய சந்தேகங்களைச் சாப்பாட்டு வரிசையில் கேளுங்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, பல லைசென்ஸ்களுக்கு அலைய வேண்டியிருந்ததால் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் மார்பின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014 திருத்தத்துக்குப் பின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அனுமதியை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தருகிறது. விதி தாளில் இருக்கும். எந்தப் படிவம் திரும்பி வந்தது, எந்தப் பதிவேட்டை முதலில் கேட்டார்கள் என்பது, தட்டோடு உங்கள் பக்கத்தில் நிற்கும் வேறு மாவட்டத்துக்காரருக்குத்தான் தெரியும். எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாநாடுகளில் ஒரு விஷயம் வேறு எங்கும் இல்லாதது. பேசப்படுவது மரணம். யாரோ ஒருவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது அது உங்கள் அம்மாவாக இருக்கும். இரண்டாம் நாள் மதியம், குழந்தைகளின் இறுதிக்காலம் பற்றிய அமர்வின் நடுவில் தம்பி எழுந்து போனார். நான் உடனே பின்னால் போகவில்லை, ஐந்து நிமிடம் விட்டுப் போனேன். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அக்காவின் பையன் ரத்தப்புற்றுநோயில் போனது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அன்று சொன்னது தெரியாது. கடைசி நாளில் அந்தப் பிள்ளை சைக்கிள் கேட்டதும், இவர் "நாளைக்கு வாங்கித் தர்றேன்டா" என்று சொன்னதும். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். அடுத்த அமர்வுக்கு இருவரும் போகவில்லை.

கிளம்பும் முன்பே இதைப் பேசிவையுங்கள். எந்தத் தலைப்பு தாங்காது என்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள், துணை அதில் உட்காரட்டும். எழுந்து போனவரிடம் "என்ன ஆச்சு?" என்று துருவ வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு அமர்வை விட்டதற்காகச் செலவழித்த பணம் வீணாகிவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. நோயாளி வீட்டில் அடக்கி வைத்தது எங்காவது வெளியே வர வேண்டும், வரும்போது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

திரும்பும் ரயிலில் தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இருவர் நோட்டையும் திறந்து, வந்ததும் மாற்ற வேண்டியவை என்று இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவர் கையெழுத்து தேவைப்படுவது ஒன்று, தேவைப்படாதது ஒன்று. எங்களுக்கு அந்த முறை ஒன்று பட்டர்ஃபிளை ஊசி, இன்னொன்று பாலில் நனைத்த துணி. வந்த வாரத்துக்குள் அரை மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். வண்டி ஓட்டும் அண்ணனையும் துப்புரவு செய்யும் அம்மாவையும் விட்டுவிடாதீர்கள். வாசலில் நிற்கும் டிரைவரிடம்தான் வீட்டு ஆண்கள் முதலில் வாய் திறப்பார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு, நீங்கள் இல்லாத நாட்களில் யார் இறந்தார்களோ அவர் வீட்டுக்குப் போங்கள். அந்த முறை பட்டியலில் நாங்கள் முதலில் எழுதியிருந்த அம்மாதான் போயிருந்தார். காலை பத்து மணிக்குப் போனோம். அவர் கணவர் திண்ணையில் இருந்தார். பார்த்துக்கொண்ட சிஸ்டர் ராத்திரியே வந்தார், அமைதியாகத்தான் போனாள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். மீதி மார்பின் மாத்திரைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று நாங்கள் முதல் நாளே சொன்னதை மறக்காமல் எடுத்து வைத்திருந்தார். தம்பி அவர் முன்னாலேயே எண்ணினார். பதினொன்று. நான் பதிவேட்டில் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். டப்பாவை மட்டும் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.